ஐந்தாவது தடம்

மேடையில் பதிவுசெய்த அந்த இசைத்தட்டு கடைக்கு வந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்து தச்சரின் கைக்கும் காலுக்கும் ஓசை இல்லாமல் போயிற்று. சுத்தியலை ஓங்கி அடித்தார். ஆணி இறங்கியது, சத்தம் வரவில்லை. ரம்பம் பலகையை இரண்டாக அறுத்தது, மரத்தூள் வாசனை எழுந்தது, அவ்வளவுதான். செருப்பு தரையில் படுவதும் கரண்டி தட்டில் படுவதும் கேட்கவில்லை. பேச்சு மட்டும் அப்படியே இருந்தது, ஏனென்றால் அந்த இசைத்தட்டில் அவர் பாடவில்லை. முதல் வாரம் பட்டறையில் எல்லோரும் காதைக் குடைந்து பார்த்தார்கள். இரண்டாவது வாரம் பழகிவிட்டது. மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து, நோயாளிகள் தூங்கும்போதே கதவு ஜன்னல்களைச் சரிசெய்ய இவரை விட்டால் ஆள் கிடையாது என்று கையோடு கூட்டிப்போனார்.

தச்சர் ஒரு ராக் குழுவில் பேஸ் கிடார் வாசித்தவர். கீபோர்டு வாசித்தவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார், தச்சருடைய மனைவியின் அண்ணன். டிரம்ஸுக்கு ஒரு தபால்காரர். கிடாருக்கும் பாட்டுக்கும் ஒரு பல் டாக்டர். இருபது வருடங்களுக்கு முன்பே உலகம் கைகழுவிவிட்ட ஒரு வகை இசை உண்டு. ஒரு பாட்டு அரை மணி நேரம் ஓடும், தாளம் நிமிடத்துக்கு ஒருமுறை மாறும், எவனாலும் ஆட முடியாது. அதைத் தட்டியெழுப்பி உட்காரவைக்காமல் ஓய்வதில்லை என்று நால்வரும் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் இசைத்தட்டை வாங்கியவர்களைவிட இரவல் கேட்டவர்கள் அதிகம். இரண்டாவதை மேடையிலேயே பதிவுசெய்வது என்று முடிவாகி, நூலகத்தின் மாடிக்கூடத்தில் அறுபத்திரண்டு பேர் முன்னால் வாசித்தார்கள். அதில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள், மீதிப்பேர் பல் டாக்டருக்குப் பயந்தவர்கள்.

'தண்ணீர்த்தொட்டியின் வரலாறு' என்ற இருபத்துமூன்று நிமிடப் பாட்டின் நடுவில், சுற்றுக்குப் பதிமூன்று தட்டு வருகிற ஒரு பகுதி இருந்தது. வாத்தியார் எழுதியது. அந்தப் பதிமூன்றில் அவருக்கு அசாத்தியப் பெருமை. அன்றைக்கு அந்த இடம் வந்ததும் தச்சர் பதினான்காக வாசித்தார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டு பின்தங்கி, மற்ற மூன்று பேரையும் விட்டு விலகி விலகிப் போனார். தபால்காரர் முறைத்தார், பல் டாக்டர் தலையை ஆட்டி ஆட்டிக் கணக்குக் காட்டினார், வாத்தியாருக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. தச்சரோ கண்ணை மூடிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார். நூற்று எண்பத்திரண்டாவது தட்டு முடிந்த கையோடு நால்வரும் ஒரே இடத்தில் வந்து விழுந்தார்கள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்கள். பதிமூன்றுமுறை பதினான்கும் பதினான்குமுறை பதிமூன்றும் ஒன்றுதான் என்பது கணக்கு வாத்தியாருக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் தன் பதிமூன்றைத் தன் தங்கை புருஷன் தப்பாக எண்ணிவிட்டான் என்பதுதான்.

ஒலிநாடாவில் எட்டுத் தடங்கள் இருந்தன, ஐந்தாவது தடம் பேஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு மற்றவர்கள் வெளியே போனபோது வாத்தியார் ஐந்தாவது தடத்தை முழுக்க அழித்துவிட்டு, தன் கீபோர்டின் இடதுகைப் பக்கத்தில் சுத்தமாகப் பதிமூன்று பதிமூன்றாக வாசித்து நிரப்பினார். உறையில் 'பேஸ்: தச்சர்' என்று போட்டார். பெயரைப் போட்டுவிட்டதால் பாவம் தீர்ந்தது என்று அவருக்கு ஒரு நினைப்பு. இசைத்தட்டு வந்ததும் ஒரு பத்திரிகைக்காரர் நன்றாகத்தான் எழுதியிருந்தார். கடைசி வரியில் மட்டும், அன்று கூடத்தில் தன்னை எழுந்து நிற்கவைத்த அந்த ஒரு இடத்தை இசைத்தட்டில் எவ்வளவு தேடியும் காணவில்லை என்றிருந்தது. வாத்தியார் அந்தப் பக்கத்தைக் கிழித்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதை யாரும் பார்க்கக் கூடாது, அதே சமயம் தூக்கிப்போடவும் மனம் வரவில்லை.

தச்சரின் ஓசைகள் எங்கே போயின என்பது வாத்தியார் ஒருவருக்கு மட்டும் தெரியும். அவர் நெஞ்சுக்குள்ளிருந்துதான் அவை வந்தன. காலை எட்டரைக்குச் சுத்தியல் ஆரம்பிக்கும், ஒன்றேகாலுக்குத் தட்டும் கரண்டியும், ஆறு மணிக்கு வீடு திரும்பும் செருப்புச் சத்தம். பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களிடம் பக்கத்துத் தெருவில் கட்டடம் எழும்புகிறது என்றார். ஒரு வருடம் ஆகியும் எழும்பாத கட்டடத்தைப் பற்றித் தலைமையாசிரியர் இரண்டுமுறை விசாரித்தார். வாத்தியார் கனத்த கோட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார், வெயில் காலத்திலும் கழற்றவில்லை. தங்கை வீட்டுக்குப் போவதை நிறுத்தினார். குழுவின் ஒத்திகையில் தச்சர் கம்பியை மீட்டினால் ஒலிபெருக்கி ஊமையாக இருக்கும், வாத்தியாரின் கோட்டு அதிரும். அதனால் ஒத்திகைக்கும் போகவில்லை. தபால்காரரும் பல் டாக்டரும் இரண்டு மாதம் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். தன்னால் ஒரு குழு கலைந்தது என்று வாத்தியாருக்குத் தெரியும். கண்ணாடியில் முகம் பார்க்கவே கூசியது. தொட்டுப் பார்த்தே சவரம் செய்துகொண்டார்.

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய்மாமன் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு, கையில்கூடத் தூக்காமல், வேலை இருக்கிறது என்று ஓடிவந்துவிட்டார். நான்கு மாதம் கழித்து ஒருநாள் பின்னங்கள் நடத்திக்கொண்டிருந்தபோது அவர் நெஞ்சில் கிலுகிலுப்பைச் சத்தம் கேட்டது. மெதுவாக, நின்று நின்று, பிறகு வேகமாக. யாரோ விடாமல் ஆட்டுகிறார்கள், யாரோ திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசைப் பெண் எழுந்து, "சார், உங்க கோட்டுக்குள்ள பாப்பா இருக்கா?" என்றாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, பாடம் பாதியில் நிற்க, கோட்டோடு நடந்தே தங்கை வீட்டுக்குப் போனார்.

தச்சர் அன்று பட்டறைக்குப் போகாமல் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டிருந்தார். குழந்தை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாத்தியார் வாசலில் கால் வைத்ததும் அவர் நெஞ்சுச் சத்தம் கேட்டு அது தலையைத் திருப்பி அவரைப் பார்த்துச் சிரித்தது. தச்சர் கை அப்படியே நின்றது.

"மாப்பிள்ள, உங்க பேஸை நான் அழிச்சுட்டேன். ரெக்கார்டுல இருக்கறது நான் வாசிச்சது," என்றார் வாத்தியார். நின்றபடியே சொன்னார், உட்காரத் தோன்றவில்லை.

"தெரியும் மச்சான். கேட்ட அன்னிக்கே தெரியும். அது என் விரல் இல்ல."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

தச்சர் கிலுகிலுப்பையைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பதிமூணுல மூச்சு விட இடமே இல்ல மச்சான். ஒரு தட்டு கூடப் போட்டாத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. நான் தப்பா வாசிச்சு உங்க மானத்த வாங்கிட்டேன், அதான் அழிச்சுட்டீங்கன்னு நெனச்சேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறது?" என்றார்.

வாத்தியாருக்கு அங்கேயே நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. திருடியவன் தலைகுனிந்தது நியாயம், பறிகொடுத்தவனும் ஒன்றரை வருடம் தலைகுனிந்திருக்கிறான். தங்கை உள்ளேயிருந்து வந்து இருவரையும் பார்த்தாள். "ரெண்டு பேரும் வாய்க்கு என்ன பூட்டா போட்டிருந்தீங்க? அண்ணே, முதல்ல அந்தக் கோட்டக் கழட்டு. பாக்கவே புழுங்குது," என்றாள்.

ஓசை திரும்பிப் போகவில்லை. அழித்த தடம் அழித்ததுதான். உறையைத் திருத்தி அச்சடித்தார்கள், புதிதாகப் பதிவுசெய்தும் பார்த்தார்கள், பல் டாக்டர் வாத்தியாரின் வாயைத் திறந்து டார்ச் அடித்துக்கூடப் பார்த்தார். பிறகு எல்லோரும் இருப்பதை வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். கச்சேரிகளில் வாத்தியார் சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டு நெஞ்சில் மைக்கைக் கட்டிக்கொள்வார், தச்சர் தன் மூலையில் மீட்டுவார், பதினான்கு தட்டும் வாத்தியாரின் விலா எலும்புகளுக்கு இடையிலிருந்து புறப்பட்டுக் கூடம் நிறையும். ஏன் இப்படி என்று ஒவ்வொரு ஊரிலும் கேட்டார்கள். வாத்தியார் ஒவ்வொரு ஊரிலும் எழுந்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். ஒவ்வொரு தடவையும் காது மடல் சிவந்தது. சொல்லச் சொல்லக் குறையும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள், குறையவில்லை.

வாத்தியார் தங்கை வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டு வந்துவிட்டார். மாலையில் அவர் மடியில் உட்கார்ந்து படம் வரைவது தங்கை மகளுக்குப் பழக்கம். ஆறு மணிக்கு மாமாவின் நெஞ்சுக்குள் செருப்புச் சத்தம் கேட்கும். அவள் மாமாவின் முகத்தை ஏறிட்டும் பார்க்காமல், "அப்பா!" என்று கத்திக்கொண்டு மடியிலிருந்து குதித்து வாசலுக்கு ஓடுவாள்.