பாக்கி இல்லாத கணக்கு

கார்டு ஏற்கப்படவில்லை என்று திரையில் சிவப்பு எழுத்தில் வந்தபோது மணி மூன்று நாற்பது. எண்களைத் தப்பாகத் தட்டிவிட்டோம் என்றுதான் சின்னவள் நினைத்தாள். பதினாறு எண்களையும் நான்கு நான்காகப் பிரித்து, உதடு அசைய வாசித்து, மறுபடி தட்டினாள். மறுபடி சிவப்பு.

தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு இது ஐந்தாவது வருடம். தூரத்து நகரத்தில் இருந்த ஓர் ஆய்வு நிறுவனம் எட்டு மாதப் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. இன்று ஐந்து மணிக்குள் சேர்க்கைக் கட்டணம் கட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வீட்டில் இது யாருக்கும் தெரியாது.

அண்ணன் கெட்டவன் இல்லை. அப்பா போன பிறகு மின்சாதனக் கடையையும் வீட்டையும் ஒற்றை ஆளாகத் தாங்கிப் பிடித்தவன். ஆனால் எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பான். இரண்டு வருடத்துக்கு முன் இதே பயிற்சிக்கு இடம் கிடைத்தபோதும் "பாக்கலாம்" என்றான். பார்த்துக்கொண்டே இருந்ததில் தேதி போய்விட்டது. அவளுடைய சம்பளம் விழும் வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருந்தது; பத்துக் காசு எடுத்தாலும் அவன் கைபேசி மணியடிக்கும். அந்தத் தேதி போன வாரத்தில்தான் கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பம் போட்டாள். அவள் பெயரில் மட்டும் இருந்த ஒரே பொருள் அதுதான். இந்த முறை முதலில் இடம், பிறகு பேச்சு.

வாங்கியதிலிருந்து கார்டை அவள் ஒரு தடவைகூட உபயோகிக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் தராசைச் சரிபார்க்க ஒரு நியம எடைக்கல் உண்டு. வெல்வெட் குழிக்குள் கிடக்கும். விரல் படக்கூடாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். தொடத்தொட எடை மாறும், தொடாத வரைக்கும்தான் அதன் சொல்லுக்கு மதிப்பு. கார்டும் அந்த ரகம் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். உறையோடு மேசை இழுப்பறையில், பதிவேடுகளுக்கு அடியில் வைத்திருந்தாள்.

வங்கியின் எண்ணை அழைத்தாள். பன்னிரண்டு நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு பையனின் குரல் வந்தது.

"மேடம், உங்க கணக்கை மூடியாச்சு. போன மாசமே."

"ஏன்? நான் பாக்கி எதுவும் வைக்கலையே."

"பாக்கியே இல்லாததுதான் மேடம் பிரச்சினை. ரெண்டு வருஷமா ஒண்ணுமே வாங்கல நீங்க. ஒரு டீ குடிச்சிருந்தாக்கூடப் போதும்."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"மெசேஜ் அனுப்பியிருக்கோம் மேடம். மூணு தடவ."

அவளுக்கு நினைவு வந்தது. 'கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்கள் கார்டை ஒருமுறைகூட நீங்கள் பயன்படுத்தவில்லை' என்று முதல் குறுஞ்செய்தி. அதைப் படித்தபோது நன்னடத்தைச் சான்றிதழ் கிடைத்ததுபோலச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது. அதற்குக் கீழே இருந்த வாக்கியத்தை விளம்பரம் என்று விட்டுவிட்டாள். அடுத்த இரண்டையும் திறக்கவே இல்லை.

"திரும்பத் திறக்க முடியுமா?"

"புதுசா விண்ணப்பம் போடணும் மேடம். ஏழு வேலை நாள் ஆகும். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"வேண்டாம்" என்றாள். நன்றி என்றும் சொன்னாள்.

பக்கத்து மேசையில் இருந்தவளைக் கூடத்தில் எல்லோரும் ரேடியோ அக்கா என்பார்கள். வாய் ஓயாது, காதும் ஓயாது.

"ரெண்டு வருஷமா தொடவே இல்லையா? அதென்னடி புதையலா, பூதம் மாதிரி உக்காந்து காக்கறதுக்கு?"

"அவசரத்துக்குன்னு வெச்சிருந்தேன்க்கா."

"என் கார்டைத் தரலாம். ஆனா அதுல கழுத்து வரைக்கும் கடன். என் பேங்க்காரன் என்னைத் தலைல தூக்கி வெச்சு ஆடறான், பிறந்தநாளுக்கு வாழ்த்தெல்லாம் வருது. ஒழுங்கா இருந்தவளை வெளிய தள்ளிட்டானுங்க பாரு." குரலைத் தாழ்த்தினாள். "அண்ணன்கிட்ட கேளேன்."

"கேட்டா பாக்கலாம்பாரு."

"அப்போ கேக்காதே. உன் சம்பளம்தானே?"

நாலேகாலுக்குச் சின்னவள் ஒரு தண்ணீர் மாதிரிக் குடுவையில் குளோரின் அளவு பார்த்துப் பதிவேட்டில் எழுதினாள். எழுதியதை அடித்துவிட்டுச் சரியாக எழுதினாள். நாலரைக்குக் கையுறையைக் கழற்றிவிட்டு, கூட்டுக் கணக்கின் எண்ணைத் திரையில் தட்டினாள். பச்சை எழுத்து வர மூன்று விநாடிகூட ஆகவில்லை.

அண்ணனின் அழைப்பு வர ஒரு நிமிடம் ஆனது.

"ஏய், கணக்குலேர்ந்து எவனோ பணத்தை உருவறான். நீ எதையாவது அமுக்கினியா? இரு, பேங்க்குக்குச் சொல்லி நிறுத்திடறேன்."

"நிறுத்தாதீங்க. நான்தான் கட்டினேன்."

"எதுக்கு?"

சொன்னாள். எந்த நகரம், எட்டு மாதம், என்றைக்குக் கிளம்ப வேண்டும் என்பதையெல்லாம் சோதனை முடிவை வாசிப்பதுபோல வரிசையாகச் சொன்னாள். கார்டைப் பற்றியும் சொல்லிவிட்டாள். சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

கடையில் யாரோ மின்விசிறி விலை கேட்பது கேட்டது. "அப்புறம் வாங்க" என்று அண்ணன் அவரை அனுப்பினான். கடைக்கு வந்தவரை அவன் அப்படி அனுப்பி அவள் கேட்டதில்லை.

"கார்டு எதுக்கு வாங்கின?"

"அவசரத்துக்கு."

"என்ன அவசரம்? நான் இருக்கேன்ல?"

"உங்ககிட்ட கேக்காம இருக்கறதுக்கு."

ரேடியோ அக்கா பிப்பெட்டுக் குழாயைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

"நான் எப்ப வேணாம்னு சொன்னேன்?" என்றான் அண்ணன்.

"வேணாம்னு சொன்னதில்ல. பாக்கலாம்னு சொன்னீங்க."

அவன் மூச்சு விடுவது கேட்டது. அடுத்து அந்த வார்த்தைதான் வரும் என்று அவள் காத்திருந்தாள்.

"இப்ப நிறுத்தினா இடம் போயிடும்?"

"போயிடும்."

"எனக்கு இது பிடிக்கல. கட்டினது இல்ல, ஒளிச்சது."

"தெரியுது."

"அம்மாகிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம்" என்றாள் சின்னவள். "நானே சொல்றேன்."

"சொல்லு" என்று அண்ணன் வைத்துவிட்டான்.