மெழுகுவர்த்தி அணைவதற்கு முன்

எனக்குக் குமட்டியது பயிற்சி அறையின் ஈரக் கம்பள நாற்றத்தால் என்றுதான் முதலில் நினைத்தேன். ஏசி ஒழுகி ஒழுகி அந்தக் கம்பளம் என்றைக்கோ அழுகிவிட்டது. அதன்மேல் நாற்காலி போட்டு, அறிவியல், கணக்கு எடுக்கிற நாங்கள் எல்லோரும் வகுப்பறை வீடியோ பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவர் பாடம் நடத்துவதைப் படம் பிடித்துப் போடுவார்கள். பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து, பேசி, நாம் கற்றுக்கொள்ள வேண்டும். ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். குரங்கு கையில் பூமாலை.

முதலில் என் நாத்தனாருடைய வீடியோ. நான் இயற்பியல் எடுக்கும் பள்ளியிலேயே அவள் கணக்கு டீச்சர்; வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீடியோவைப் பார்த்துப் பயிற்சி அதிகாரி சரி என்று சொன்னால் நிரந்தரம், இல்லாவிட்டால் ஆண்டு முடிவில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். புருஷனைப் பிரிந்து, கைக்குழந்தையோடு எங்கள் வீட்டு மாடியறையில் இருப்பவளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் பிழைப்பு.

திரையில் கரும்பலகை. 0.8, 0.35. எது பெரியது?

ஓயாமல் கேள்வி கேட்பதால் வகுப்பே ‘நொச்சு’ என்று கூப்பிடும் பெண் எழுந்தாள். “முப்பத்தஞ்சுதான் மிஸ். எட்டை விட முப்பத்தஞ்சு பெருசுதானே?”

நாத்தனார் தப்பு என்று சொல்லவில்லை. பலகையில் சைபரிலிருந்து ஒன்று வரை ஒரு கோடு போட்டு, பத்தாகப் பிரித்து, சாக்பீஸை நீட்டினாள். “ரெண்டும் எங்க வரும்னு குறி, பாக்கலாம்.”

நொச்சு குறித்தாள், அழித்தாள், நின்றாள். வகுப்பு மூச்சு விடாமல் காத்திருந்தது. நாத்தனாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண் சட்டென்று திரும்பினாள். “மிஸ், முப்பத்தஞ்சு பாதி தூரம்கூடப் போகலையே!”

எனக்குப் புல்லரித்தது. இதற்காகத்தானே வீடியோ எடுக்கிறோம்?

விளக்கைப் போட்டார்கள். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று ஆரம்பித்தார்கள். பலகையில் எழுத்து சாய்கிறது என்றார் ஒருவர். டீச்சர் புடவை கசங்கியிருக்கிறது என்றாள் ஒருத்தி. அந்தப் பெண்ணின் தலைக்குள் என்ன நடந்தது என்று ஒரு நாக்குகூடக் கேட்கவில்லை.

அதிகாரி பல்லிடுக்கில் சிக்கிய பிஸ்கட்டைச் சுண்டுவிரலால் தோண்டிக்கொண்டே சொன்னார். “தப்பா சொல்ற பிள்ளைய எதுக்கும்மா எழுப்புனீங்க? இவ்வளவு நேரம் சும்மா நிக்குது. பாக்கறவங்க தூங்கிடுவாங்க.” தோண்டி எடுத்ததைக் கம்பளத்தில் தேய்த்தார்.

அடுத்தது ஹீரோ சாருடைய வீடியோ. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை, சாவு வீட்டில் பிணம், எங்கேயும் அவர்தான் நடுவில் இருக்க வேண்டும். எரியும் மெழுகுவர்த்தியைத் தட்டில் நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, கண்ணாடி டம்ளரைக் கையில் எடுத்தார். அதைக் கவிழ்த்தால் சுடர் அணையும், உள்ளே தண்ணீர் ஏறும். கவிழ்க்கவே இல்லை, டம்ளர் இன்னும் கையில்தான் இருக்கிறது, பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே குரலில் “ஹா!” என்றார்கள். கைதட்டல் வேறு. மெழுகுவர்த்தி பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

எத்தனை ஒத்திகை பார்த்திருந்தால் ஆச்சரியம் இப்படி முந்திக்கொண்டு வரும்! நான் அறையைப் பார்த்தேன். எல்லோரும் கவனித்துவிட்டார்கள். எல்லோருடைய கண்ணும் உடனே செல்போனுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

நான் எழுந்தேன். “சார், மெழுகுவர்த்தி இன்னும் அணையல. பசங்க எதுக்கு ஆச்சரியப்பட்டாங்க?”

அதிகாரி சிரித்தார். “முன்கூட்டியே கணிச்சிருக்காங்க டீச்சர். அதுதானே அறிவியல்?”

ஹீரோ சார் அடக்கமாகத் தலை குனிந்தார். ஜால்ராக்கள் தட்டினார்கள். நாத்தனாருக்கு, ஒரு வாரத்தில் வேறு வீடியோ கொண்டுவா என்று உத்தரவு.

வீட்டுக்கு வரும்போது சொன்னேன், “அதையே திரும்பக் கொடு. அது நல்ல பாடம்டி.”

“நல்ல பாடத்தை வெச்சுப் பால்பவுடர் வாங்க முடியுமா அண்ணி?” என்றாள்.

வாரம் முழுவதும் அவள் வகுப்பிலிருந்து “ஹா!” கேட்டது. கடைசி நாள் என் கையில் செல்போனைத் திணித்தாள். படம் பிடித்தேன். 0.5 பெருக்கல் 0.5, விடை 0.25. கைகள் ஒன்றாக உயர்ந்தன, விடைகள் வரிசையாக வந்தன. நொச்சுவுக்கும் ஒரு வசனம் கொடுத்திருந்தாள்.

“நல்லாப் புரிஞ்சுது மிஸ்,” என்றாள் நொச்சு, மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதுபோல்.

மணி அடித்தது. பிள்ளைகள் தளர்ந்து உட்கார்ந்தார்கள். நொச்சு மட்டும் நின்றாள்.

“மிஸ், கேமரா நிறுத்தியாச்சுதானே? இப்ப நெஜமாவே கேக்கலாமா? பெருக்குனா பெருசாத்தானே ஆகணும், இது ஏன் சின்னதாச்சு?”

அருமையான கேள்வி. நாத்தனாருக்கும் அது தெரியும். அவள் கை தானாகச் சாக்பீஸ் பக்கம் போனது. அப்போதுதான் நான் இன்னும் படம் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். கை நின்றுவிட்டது.

“உட்காரு,” என்றாள் அவளிடம். பிறகு என்னிடம், “அண்ணி, அந்தக் கடைசிய வெட்டிடுங்க.”

வெட்டினேன். அவள் வேலை நிரந்தரமாகிவிட்டது. காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது, யார் முகத்தில் என்றுதான் தெரியவில்லை.