கல்யாணத் தாழி

சனிக்கிழமை ஒயின் சுற்றுலாவில் எங்கள் வீடு மூன்றாவது நிறுத்தம். முதலாவது ஒரு பெரிய தொழிற்சாலை. எஃகுத் தொட்டிகளைக் காட்டுவார்கள், கோப்பையின் அடி நனைகிற அளவுக்கு ஊற்றுவார்கள், வெளியேறும் வழியைக் கடைக்குள் விட்டிருப்பார்கள். இரண்டாவது, யாரோ வெளிநாட்டுக்காரர் வாங்கிப் புதுப்பித்த பழைய மாளிகை. அங்கே ஒயின் சுமார், கழிப்பறை பிரமாதம். மூன்றாவதுதான் அவ்தந்தில் கிழவரின் வீடு. "அசல் ககேத்திக் குடும்பத்தோடு ஒரு மதியம்" என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறது. அந்தக் கிழவர் வழிகாட்டியான என்னைப் பெற்ற அப்பன் என்று போடவில்லை. நானும் எந்தக் குழுவிடமும் சொன்னதில்லை. சொந்த வீட்டு வியாபாரத்துக்கு ஆள் பிடிக்கிறாள் என்று நினைப்பார்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்தத் தாழி.

எங்கள் ககேத்திப் பக்கம் ஒயின் இருப்பது மண்ணுக்குள்ளேதான். ஆள் உயரத் தாழியைக் கழுத்துவரை புதைத்து, சாறு, தோல், காம்பு எல்லாவற்றையும் கொட்டி, மேலே களிமண் பூசி மூடிவிடுவோம். அப்பாவின் கொட்டகையில் அப்படி வரிசையாக இருக்கிறது. மூலையில் உள்ளது மட்டும் தனி. நான் பிறந்த வருஷத்து அறுவடையை அதில் ஊற்றி, என் கல்யாணத்தன்று திறப்பதாகச் சொல்லி மூடினார். பெண் பிறந்த வீட்டில் அப்படிச் செய்வது வழக்கம்தான். எனக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது, அதுதான் சங்கடம்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பா குழுவை அந்த மூலைக்குக் கூட்டிப்போவார். குதிகாலால் தரையைத் தட்டுவார். "இது என் மகளோட கல்யாண ஒயின். அவ என்னிக்கு மனசு வைக்கிறாளோ, அன்னிக்குத் திறப்பேன்" என்பார், என்னை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே. அதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். பிழைப்பு அது. முதல் தடவை வாயே வரவில்லை. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். "இவருடைய மகளுக்கு இருபது வயது, ஜெர்மனியில் மருத்துவம் படிக்கிறாள்" என்று அடித்துவிடுவேன். குழு அப்படியே உருகிப்போகும். அப்பாவுக்கு ஆங்கிலம் சுட்டுப்போட்டாலும் வராது. என்னைக் குத்திக்காட்ட மனுஷனுக்கு வாரம் ஒரு புதுச் சபை கிடைக்கிறதே என்று நான் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

இந்தச் சனிக்கிழமை கதை வேறு. போன வாரம் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை எங்கள் வண்டியை ஓட்டும் ஜும்பர். மேற்கே இமெரெதிப் பக்கத்து ஆள், வழுக்கை, ஏற்கெனவே ஒரு தடவை கல்யாணமாகிப் பிரிந்தவன். தெலாவியில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். சாட்சிக்கு என் சிநேகிதியும், பல்வலியால் கன்னம் வீங்கிப்போன அவள் அண்ணனும். வெளியே வந்து பக்கத்துக் கடையில் நின்றபடியே கின்காலிக் கொழுக்கட்டை தின்றோம், அவ்வளவுதான் விருந்து. இந்த வயதில் வெள்ளைக் கவுனை மாட்டிக்கொண்டு, ஊரே உட்கார்ந்து "அப்பாடா, ஒருவழியா" என்று கோப்பை தூக்குவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஆனால் அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். வெட்கத்தை விட்டு இன்னொன்றும் சொல்கிறேன். அந்தத் தாழியிலிருந்து எனக்கு ஒரு கோப்பை வேண்டும். வாராவாரம் அதைப் பார்த்து வயிறெரிந்தவள்தான் நான். இருந்தாலும் எனக்கென்று வைத்தது அது. அப்பா தன் கையால் மொண்டு கொடுத்து நான் குடிக்க வேண்டும். கொடுத்தால் ஜும்பரை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். கொடுக்காவிட்டாலும் அர்த்தம் விளங்கிவிடும்.

"குழுவை வெச்சுக்கிட்டா சொல்லப்போறே?" என்று கேட்டான் ஜும்பர், வண்டியை மேட்டில் ஏற்றியபடி. பின்னால் டச்சுக்காரர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிறுத்தம் முடித்த குழு எப்போதும் பாடும்.

"ஆமா. விருந்தாளிங்க முன்னாடி அவர் கத்த மாட்டார்."

"என்னைப் போட்டு மிதிச்சார்னா?"

"விருந்தாளிங்க கிளம்புற வரைக்கும் மிதிக்க மாட்டார்."

"அப்ப நான் வண்டியிலயே இருக்கேன். எஞ்சினையும் அணைக்கல."

"ஒழுங்கா இறங்கி வர்றே."

"லமாரா, போன மாசம் உங்கப்பா என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? 'உங்க ஊர்ல ஒயின்னு குடிக்கிறதை நாங்க பாத்திரம் கழுவ வெச்சிருக்கோம்'னார்."

"அது பிரியத்துல சொன்னது."

"பிரியமே இப்படின்னா, கோபம் எப்படி இருக்குமோ!"

அப்பா முற்றத்தில் திராட்சைக் குச்சிகளை எரித்து, தணலில் பன்றிக்கறி சுட்டுக்கொண்டிருந்தார். ஜும்பரைக் கண்டதும் "வாப்பா, கழனித்தண்ணி!" என்று வரவேற்றார். ஜும்பர் என்னைப் பார்த்தான். நான் ரொட்டியை எடுத்து அவன் கையில் திணித்தேன்.

கோப்பை தூக்கிச் சொல்லும் வாழ்த்துகள் வழக்கம்போல நடந்தன. அமைதிக்கு ஒன்று, விருந்தாளிகளின் நாட்டுக்கு ஒன்று, இறந்தவர்களுக்கு ஒன்று. இறந்தவர்களுக்குக் கோப்பை தூக்கும்போது அப்பா அம்மாவின் பெயரைச் சொல்லி, ரொட்டித் துண்டில் இரண்டு சொட்டு விட்டார். போலந்திலிருந்து வந்த ஹலீனா என்ற ஓய்வுபெற்ற டீச்சர் மட்டும் பாடுவதிலும் சேராமல் பேசுவதிலும் சேராமல் எல்லாவற்றையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை ஹாலில் நிற்கிற மாதிரி.

பிறகு எல்லோரும் கொட்டகைக்குள் போனோம். அப்பா மூலைக்குப் போய்க் குதிகாலால் தட்டினார். "இது என் மகளோட கல்யாண ஒயின். அவ என்னிக்கு மனசு வைக்கிறாளோ, அன்னிக்குத் திறப்பேன்."

குழு என் வாயைப் பார்த்தது. நான் அப்பாவைப் பார்த்தேன்.

"அவ மனசு வெச்சுட்டாப்பா" என்றேன். "போன வாரம் பதிவு பண்ணிட்டோம். நானும் ஜும்பரும்."

ஜும்பர் ரொட்டியை மென்றுகொண்டிருந்தவன் அப்படியே நிறுத்திவிட்டான்.

"இந்தக் கழனித்தண்ணியவா?"

"ஆமா."

"சொல்லாமக்கொள்ளாமலா?"

"இப்ப சொல்றேன்ல."

மனுஷன் வெடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஜும்பரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆள் மோசமில்ல. குடிக்காம வண்டி ஓட்டுறான். எங்க ஊர்க்காரனுங்க அதுகூட செய்ய மாட்டானுங்க" என்றார். எனக்கு உயிர் வந்தது. கண் கலங்கியது என்றுகூடச் சொல்லலாம், யாரும் பார்க்கவில்லை.

"அப்பத் திறங்கப்பா" என்றேன்.

"இன்னிக்கா? இன்னிக்கு வேணாம்."

"ஏன்?"

"பாதிரியார் வர வேணாமா? சொந்தக்காரங்க வேணாமா? மழை வேற பேஞ்சு தரை ஈரமாக் கிடக்கு."

"மழை பேஞ்சு பதினஞ்சு நாளாச்சு."

"சொன்னா கேளு லமாரா. இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

ஆள் மோசமில்லை, ஆனால் மகளின் கல்யாண ஒயினைத் திறக்கிற அளவுக்கு இல்லை. அப்படித்தான் எனக்குப் பட்டது. ஜும்பருக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும், ரொட்டியை மெதுவாகச் சாக்கு மேல் வைத்துவிட்டு வாசலைப் பார்த்தான். ஆத்திரம் தலைக்கேறியது எனக்கு.

"என்ன நடக்குது இங்க?" என்று கேட்டார் ஹலீனா.

"இந்தத் தாழி இவர் மகளின் கல்யாணத்துக்கு வைத்தது. நான்தான் அந்த மகள்" என்றேன் ஆங்கிலத்தில். "டிரைவர் என் கணவர். போன வாரம்தான் கல்யாணம். என் அப்பா திறக்க மாட்டேங்கிறார்."

"மகள் ஜெர்மனியில படிக்கிறதா இணைய விமர்சனத்துல எழுதியிருந்தாங்களே?"

"அது நான் விட்ட கதை."

டச்சுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஹலீனா கோப்பையைக் கீழே வைத்தார், அப்பாவிடம் போனார், அவர் கையைப் பிடித்தார். அந்த வயதுப் போலந்துக்காரர்கள் எல்லோரும் பள்ளியில் ரஷ்ய மொழி படித்தவர்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அப்பா அதே மொழியில் பட்டாளத்தில் இரண்டு வருஷம் திட்டு வாங்கியவர்.

"அவ்தந்தில், இது கல்யாண வீடு. நாங்க விருந்தாளிங்க. விருந்தாளி கேக்கிறேன், திறங்க."

அப்போதுதான் என் முட்டாள்தனம் எனக்கு உறைத்தது. விருந்தாளி முன்னால் அவர் கத்த மாட்டார் என்று மட்டும் கணக்குப் போட்டிருந்தேன். விருந்தாளி வாய்விட்டுக் கேட்டால் மறுக்கவும் மாட்டார் என்பதை யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் எந்த அப்பனாலும் அது முடியாது. வீட்டையே கேட்டாலும் சாவியைத் தேட ஆரம்பிப்பார்கள்.

அப்பா ஹலீனாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் அவரிடம் பார்த்ததில்லை. கெஞ்சுகிற பார்வை அது. எனக்கோ கோபத்தில் கண் மறைத்திருந்தது.

"கேட்டாச்சில்ல? திறங்க."

அவர் களைக்கொட்டை எடுத்தார். ஜும்பர் ஓடிப்போய்ப் பக்கத்தில் மண்டியிட்டான். மணலை ஒதுக்கினார்கள், களிமண்ணைப் பெயர்த்தார்கள். டச்சுக்காரர் ஒருவர் போனைத் தூக்கிப் படமெடுத்தார். மூடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். ஒயின் வாசனை வரவில்லை. காலித் தாழிக்குள் பூஞ்சை பிடிக்காமலிருக்க எரிப்போமே, அந்தக் கந்தகத்தின் நெடி வந்தது.

நான் குனிந்து பார்த்தேன். சுவரெல்லாம் தேய்த்துக் கழுவி, அடிவரை காய்ந்து கிடந்தது.

அப்பா சுரைக்குடுக்கை அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை அவருக்கு.

"இங்கா கல்யாணத்துல ஊத்திட்டேன்" என்றார். இங்கா என் சித்தப்பா மகள். அவளுக்கு இப்போது பள்ளிக்குப் போகிற பையன் இருக்கிறான். "இன்னும் ஒரு வருஷம் விட்டா காடியா மாறிடும்னு இருந்துச்சு. வீணாப் போக விடச் சொல்றியா? நீயும் குடிச்சியே. நல்லாருக்குன்னு என்கிட்டயே சொன்னே."

சொன்னேன். இன்னொரு கோப்பை கேட்டு வாங்கியும் குடித்தேன்.

"சரி, மறு வருஷம் நிரப்பியிருக்கலாம்ல?"

அப்பா அகப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கேக்கிறேன்ல? ஏன் நிரப்பல?"

"நீ இனிமே பண்ணிக்க மாட்டேன்னு நினைச்சுட்டேன்."

"அப்ப எதுக்கு இதை மூடி, களிமண் பூசி, வருஷா வருஷம் புது மணல் போட்டு வெச்சீங்க? எதுக்கு வாராவாரம் ஊர்பேர் தெரியாதவங்க முன்னாடி என்னை நிக்க வெச்சு அதைச் சொன்னீங்க? காலித் தாழியைக் காட்டியா என் மானத்தை வாங்கினீங்க?"

"பின்னே திறந்து போடச் சொல்றியா?" அப்பாவும் குரலை உயர்த்தினார், விருந்தாளிகளை மறந்து. "திறந்து கிடந்தா நீ பார்க்க மாட்டே? பெத்த அப்பனே கைவிட்டுட்டான்னு நீ நினைக்க மாட்டே? இவங்க யாரு எனக்கு, இன்னிக்கு வர்றாங்க, நாளைக்குப் போறாங்க. இவங்களுக்கா சொன்னேன்? அப்பன் இன்னும் நம்பிக்கிட்டுதான் இருக்கான்னு உன் காதுல விழணும்னு சொன்னேன்டீ, அறிவு கெட்டவளே!"

எனக்கு அவர்மேல் அடக்க முடியாத கோபம் வந்தது, அதைவிட அதிகமாக அழுகை வந்தது. நம்பிக்கை போன மனுஷன் அதை மறைக்க வருஷக்கணக்கில் மண் சுமந்திருக்கிறார். அவர் எனக்காகச் சொன்னதை நான் ஜெர்மனிக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஹலீனா என் தோளைத் தொட்டார். "என்ன சொல்றார் அப்பா?"

குழு முழுக்க என்னைப் பார்த்தது. மொழிபெயர்ப்பதுதானே என் வேலை. வாயைத் திறந்தேன், ஒரு சொல் வரவில்லை. மறுபடி முயன்றேன், அப்போதும் வரவில்லை.

கையில் ஒட்டிய களிமண்ணைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஜும்பர் எழுந்தான். அவனுடைய ஆங்கிலம் பெட்ரோல் போடவும் வழி கேட்கவும் மட்டும் உதவுவது. அதைத் தட்டுத்தடுமாறிக் கோத்து அவர்களிடம் சொன்னான்: "அவர், மன்னிப்பு கேட்கிறார். மகள்கிட்ட."

அப்பா அப்படி எதுவும் சொல்லவில்லை. அவர் ஆயுசில் யாரிடமும் சொன்னதில்லை.

"என்ன சொல்றான் இவன்?" என்று என்னைக் கேட்டார், சந்தேகத்தோடு.

"நீங்க சொன்னதைத்தான்பா" என்றேன்.