போனில் இடமில்லை

டாக்சி ஓட்டும் பெரியவர் தன் பழைய போனை என்னிடம் நீட்டினார். புது ஆப் இருந்தால்தான் இனி சவாரி கிடைக்குமாம். ஏற்றிப் பார்த்தேன்; போனில் இடமில்லை. எரிச்சலோடு ஒவ்வொன்றாகத் திறந்தேன். இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை நீளநீளமான ஒலிப்பதிவுகள். ஒன்றைத் தட்டினேன். என் சின்னச் செல்போன் கடை முழுக்கக் குறட்டைச் சத்தம்.

“என்ன சார், குப்பையெல்லாம் சேத்து வச்சிருக்கீங்க? அழிச்சிரட்டுமா?”

அவர் வெடுக்கென்று போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“என் வீட்டுக்காரி. குறட்டையே விடமாட்டேன்னு சாகுற வரைக்கும் சாதிச்சா. அவகிட்ட காட்டத்தான் பதிவு பண்ணேன்.”

“அப்போ சவாரிக்கு என்ன பண்ணுவீங்க?”

குறட்டை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் போனைக் காதோடு சேர்த்துக்கொண்டார்.

“மெதுவா பேசு தம்பி, தூங்குறா.”