உள்ளங்கையில் இடம்

வெட்டி எடுத்த பிறகும் சீனியம்மாளின் வலது கை மழையில் நனைந்தது. முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. ஆனாலும் ஜூன் மாதத்து இடவப்பாதி மழை அங்கே விழுந்து, மூடிய விரல்களின் வழியாக வழிந்து சொட்டும். மட்டாஞ்சேரிக்காரர்கள் அதைக் கொஞ்ச நாள் பேசினார்கள், பிறகு மத்தி விலையைப் பேசப் போய்விட்டார்கள்.

எழுபத்து நாலில் படகுத்துறையில் நடந்தது அது. படகுக்கும் கல்லுக்கும் நடுவில் அகப்பட்டுக் கை நசுங்கியது. அந்தக் கையைப் பிடித்திருந்த ஐந்து வயது மகள் பாப்பா காயலோடு போனாள், கிடைக்கவேயில்லை. சீனியம்மாள் இஸ்திரி போட்டுப் பிழைத்தவள். ஒற்றைக் கையால் பெட்டியைத் தள்ளலாம், துணியை யார் இழுத்துப் பிடிப்பது?

மரக்கை செய்யும் ராமபத்ரன் அவளைப் பழையபடி வேலைக்கு அனுப்புவதாக வாக்குக் கொடுத்தார். கெட்டிக்காரர்தான், அந்தக் கர்வமும் உண்டு. கனமில்லாத மரம், மெத்தென்ற தோல், தோளை அசைத்தால் திறந்து மூடும் கொக்கி. மாட்டியதும் அவள் அலறினாள். தோலை மாற்றினார், வாரை மாற்றினார், வருடக்கணக்காக இழைத்தார். பாவம் மனிதர், வெட்டுப்பட்ட இடத்தை மட்டுமே அளந்துகொண்டிருந்தார்.

"எங்கதாம்மா வலிக்குது?"

"உள்ள எடமில்ல சேட்டா. கை இருக்குல்ல."

காற்றில் தடவிப் பார்த்தார். இருந்தது. இறுக மூடிய ஈரக்கை. அதன் விரல்களுக்குள் வேறு விரல்கள், சின்னஞ்சிறியவை.

"கொஞ்சம் விரிச்சாப் போதும், கொக்கி உக்காந்துரும். நாளைக்கே வேலைக்குப் போயிரலாம்" என்றார்.

"விட்டுட்டா அவ எங்க போவா?"

அவர் கொக்கியைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டு, மூடிய கை ஒன்றைச் செய்து, இருவர் விரலுக்கும் உள்ளே இடம் குடைந்தார். வலிக்கவில்லை. ஆனால் ஒரு கைக்குட்டையைக்கூட அதனால் பிடிக்க முடியாது. சீனியம்மாள் சாயாக்கடையில் இடது கையால் கிளாஸ் கழுவப் போனாள். வாக்குக் கொடுத்தவருக்கு மனசே ஆறவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் மற்ற அம்மாக்கள் தையல்காரரிடம் போவார்கள், சீனியம்மாள் ராமபத்ரனிடம் வருவாள்.

"இறுக்குது சேட்டா. வளர்றால்ல."

அவரும் உள்ளே செதுக்கித் தருவார். இப்படியே வருடங்கள் ஓடின. சுவரில் கொக்கி துருப்பிடித்தது.

எண்பத்தாறில் மரம் ஓடாக மெலிந்துவிட்டது.

"இனி குடைஞ்சா ஒடைஞ்சிரும்மா."

"என்னமோ குத்துது சேட்டா. வளையல் போட்டிருக்கா போல."

ராமபத்ரன் புது மரம் எடுத்துவைத்தார். பிறகு காற்றில் கைவிட்டுத் தடவினார். கண்ணாடி வளையல்கள்தான். உடைந்துவிடாமல் மெதுவாக அளந்தார்.