கல்வளைவுக்கு மேல் அரை மணி நேரம்

சுவைலிமுக்கு இன்றைய இரவை விட்டால் வேறு இரவு இல்லை. நாளை நண்பகலுக்குள் புகைப்படம் வந்து சேர வேண்டும் என்று தலைநகர் அம்மானில் நாட்காட்டி அச்சிடுகிறவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பிடித்துப்போனால் வருடம் முழுக்க வேலை. சுற்றுலாக்காரர்களை ஒட்டகத்தில் ஏற்றி இறக்கும் பிழைப்புக்கு ஒரேயடியாக முழுக்குப் போடலாம்.

கேட்டது ஒரே படம்தான். பாலைவனப் பள்ளத்தாக்கில் பாறை தானாகவே வளைந்து நிற்கும் கல்வளைவு, அதற்கு நேர் மேலே பால்வீதி. அது அங்கே நிற்பதோ இரவு பத்து மணியிலிருந்து அரை மணி நேரம். முந்தாநாள் புழுதி கெடுத்தது. நேற்று மிஃப்லெஹ் சித்தப்பா கெடுத்தார். தங்க வருகிறவர்களுக்காகப் போட்ட கூடாரங்களில் கல்யாண வீடு மாதிரி விளக்கெரித்தார் மனிதர்.

மாலையில் சுவைலிம் அவரிடமே போனான். அவர் நீட்டிய காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தான். அப்படி வைத்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று அர்த்தம். கொடுக்காமல் அனுப்புகிறவன் அப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது.

"என்னடா, பொண்ணு கேக்க வந்தியா?"

"பத்து மணிக்கு விளக்கையெல்லாம் அணைச்சிடுங்க சித்தப்பா. அரை மணி நேரம் போதும்."

"அவ்வளவுதானா! ஒட்டகம் கேப்பியோன்னு பயந்துட்டேன். குடிடா, ஆறிடும்."

சொன்ன சொல் தவறவில்லை. பத்து மணிக்குப் பள்ளத்தாக்கே மையிருட்டானது. சுவைலிம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவை அழுத்தினான்.

படம் பாதி பதிவதற்குள் கூடாரப் பக்கம் ஆள் உயரத்துக்குத் தீ எழுந்தது. விளக்கு இல்லாத இருட்டில் வழிப்போக்கன் எவனாவது தடம் மாறிப் போய்விடுவானே என்று சித்தப்பா சுள்ளியைக் குவித்துக் கொளுத்திவிட்டார். பாறை முழுக்கச் சிவந்தது. சுவைலிம் வாய்க்கு வந்தபடி திட்டினான். தீ அடங்குவதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. மிச்சம் பத்து.

மறுபடி அழுத்தினான். ஜீப் ஒன்று முகப்பு விளக்கோடு நேராக வளைவை நோக்கி வந்தது. சித்தப்பாதான். மணலுக்குள் புதைத்துச் சுட்ட ஆட்டுக்கறியைத் தட்டு நிறையக் கொண்டுவந்திருந்தார்.

"நம்ம மண்ணுல ஒருத்தன் பட்டினியா குளிர்ல கெடக்கான், எனக்குச் சோறு எறங்குமா?"

"மொதல்ல விளக்கை அணைங்க சித்தப்பா!"

"அணைச்சா கறி எது, எலும்பு எதுன்னு எப்படிடா தெரியும்? உக்காரு."

உட்கார்ந்தான். உட்காராமல் முடியுமா? நல்ல துண்டாகப் பொறுக்கி அவன் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். பால்வீதி வளைவைத் தாண்டி நகர்ந்துவிட்டது.

"என்னடா மொகம் இப்படி இருக்கு? படம் சரியா வரலையா? அதுக்கென்ன, நாளைக்கு வா. நாளைக்கு ராத்திரி பூரா அணைச்சு வெக்கறேன்."