அசல் தோல் வாசனை

வண்டி தண்ணீர் குடித்தது. குடித்த தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் சுப்பராயனுக்குப் பிடிபடவில்லை.

மயிலாப்பூர் வீட்டு ஷெட்டில் வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்துப் பார்த்தார். காலையில் தாள் சுட்ட அப்பளம் மாதிரி மொறமொறவென்று கிடந்தது. ஆனால் வெளியே ஒரு சுற்றுப் போய் வந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் டப்பாவில் இரண்டு விரற்கடை குறைந்திருக்கும்.

இதில் ஒரு சங்கடம். சுப்பராயனின் தொழிலே கோளாறு கண்டுபிடிப்பதுதான். கோட்டு சூட்டோடு கம்பெனி கம்பெனியாகப் போய், ‘மூல காரணம் அறிவது எப்படி’ என்று வகுப்பெடுப்பவர். எதையும் ஐந்து முறை ‘ஏன்’ என்று கேட்டால் ஆணிவேர் கைக்கு வந்துவிடும் என்பது அவர் சித்தாந்தம். கேட்டுப் பார்த்தார். தண்ணீர் ஏன் குறைகிறது? ஒழுகுவதால். ஏன் ஒழுகுகிறது? ஓட்டை இருப்பதால். ஏன் ஓட்டை? வண்டி பழசு. பழசை ஏன் வாங்கினாய்? இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார். அந்தக் கேள்வியை அவர் மனைவி வசந்தி ஏற்கெனவே கேட்டிருந்தாள்.

இங்கிலாந்தில் பிறந்து, பல கை மாறி வந்த, இரண்டே இருக்கை கொண்ட சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அது. போன மாதம் லஸ் முனையில் ஆவி கக்கி நின்றது. கல்யாணத்துக்குப் பட்டுப்புடவையில் கிளம்பியிருந்த வசந்திதான் இறங்கித் தள்ளினாள். சுப்பராயன் ஸ்டியரிங் பிடித்தார், நுணுக்கமான வேலையாயிற்றே.

“இன்னொரு தடவை நடுரோட்ல நின்னுச்சுன்னா வித்துடணும். என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க” என்றாள். பண்ணிவிட்டார்.

வரும் ஞாயிறன்று, தென்சென்னைப் பழம்பெரும் விரைவுந்துக் கழகத்தின் ஊர்வலம், அடையாறு வழியாகத் திருவான்மியூர்வரை. சுப்பராயன் தலைவர். மற்ற உறுப்பினர்களில் பெரும்பாலோர் துணைத் தலைவர்கள். தலைவர் வண்டிதான் முன்னால் போக வேண்டும். அது நின்றால் சத்தியம் பலிக்கும். வண்டியும் போகும், ஊர் பார்க்க மானமும் போகும்.

அந்த வண்டிக்கு ஊரறிந்த பெருமை ஒன்று இருந்தது. கதவைத் திறந்தால் ஒரு வாசனை வரும். இனிப்பாக, கனமாக, விசேஷ வீட்டுக் கூடம் மாதிரி. “இருக்கையெல்லாம் அசல் ஆங்கிலேயத் தோல். வயசாக ஆகத்தான் மணம் எழும்பும்” என்பார் சுப்பராயன். உறுப்பினர்கள் வரிசையில் நின்று தலையை உள்ளே விட்டு முகர்வார்கள். அந்த மணம் சில மாதமாகத்தான் வருகிறது என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தோல் பக்குவப்பட்டுவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தேனாம்பேட்டையில் அத்தர் கடை வைத்திருக்கும் ஷரீஃப் துணைத் தலைவர்களில் ஒருவர். அவர் கண்ணை மூடி முகர்ந்து, “மேல பதப்படுத்தின தோல், நடுவுல வெனிலா, அடியில சந்தனம்” என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். அத்தர்க்காரர் மூக்குக்கு மேல்முறையீடு ஏது?

வெள்ளிக்கிழமை சுப்பராயன் வண்டியை ஈக்காட்டுத்தாங்கல் ஜான்சனிடம் கொண்டுபோனார். ஷெட்டின் போர்டில் ‘கார் டாக்டர்’ என்றிருக்கும். கழுத்தில் நிஜமாகவே ஸ்டெதாஸ்கோப் தொங்கும். எஞ்சின் சத்தம் கேட்க என்பார். பானெட்டைத் தூக்கி, அங்குமிங்கும் வைத்துக் கேட்டு, “உம்” என்றார். பிறகு ரேடியேட்டர் வாயில் ஒரு கைப்பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றினார்.

“முள்ளு எறங்கிக்கினே கீது பாருங்க. வெளிய ஒரு சொட்டு இல்ல. அப்போ தண்ணி எஞ்சினுக்குள்ளதான் போவுது. ஹெட் கேஸ்கெட்டு அவுட்டு. எஞ்சினையே பிரிச்சாவணும்.”

“எஞ்சினுக்குள்ள போனா வெள்ளைப் புகை வரணுமே?”

“வரணும்.”

“வரலையே?”

“வரும் சார். இன்னா அவசரம்?”

“ஞாயித்துக்கிழமை ஊர்வலம் இருக்கு ஜான்சன்!”

“ஆபரேசன் பேசன்ட்ட யாராவது ஊர்கோலம் கூட்டிக்கினு போவாங்களா? மாசம் ஒண்ணு ஆவும்.”

சுப்பராயனுக்கு மனசின் மூலையில் ஒரு குறுகுறுப்பு. புகையும் இல்லை, சொட்டும் இல்லை. தண்ணீர் என்ன சித்தரா, மாயமாக மறைய?

அப்போதுதான் ஷரீஃப் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் ஒரு குட்டிக் குப்பி.

“தலைவரே, நம்ம கழகத்துக்குன்னே செஞ்சது. ‘அசல்’னு பேர் வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை வெளியீடு. உங்க வண்டி வாசனையோட ஒத்துப் பார்த்துட்டுப் போலாம்னு, வீட்டுல கேட்டு இங்க வந்தேன். நீங்களும் மோந்து பாருங்க டாக்டர்.”

ஜான்சன் புறங்கையில் ஒரு சொட்டு வாங்கி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

“இன்னா பாய், ரேடியேட்டர் தண்ணிய பாட்டில்ல அடைச்சிக்கினு வந்துகீற?”

“வாயை அலம்புப்பா! மூக்கை வெச்சே சோறு தின்ற குடும்பம் எங்களது!”

“குடும்பம்லாம் சரி. கூலண்ட்டு சூடாச்சின்னா இப்டித்தான் இனிச்சிக்கினு அடிக்கும். எங்க புடிச்ச இத?”

ஷரீஃபின் விரல் மெல்ல உயர்ந்து தலைவர் வண்டியைக் காட்டியது.

“உள்ள இந்த வாசனை வருதா?” ஜான்சன் சுப்பராயன் பக்கம் திரும்பினார். “எங்கைல சொல்லவேயில்லியே சார்?”

“நீங்க உள்ள பார்க்கவேயில்லையே?”

“நீங்க எங்க வுட்டீங்க!”

உண்மைதான். இருக்கைக்கு வெள்ளைத் துணி போர்த்தி, எண்ணெய்ச் சட்டையோடு யாரும் உள்ளே ஏறக்கூடாது என்று சுப்பராயன் வாசலிலேயே அறிவித்திருந்தார்.

துணி சுருட்டப்பட்டது. ஜான்சன் பக்கத்து இருக்கைக்கு முன்னால் தலைகீழாகப் புகுந்து கம்பளத்தைத் தூக்கினார். அடியில் பச்சைநிறக் கூலண்ட் சதசதத்தது.

“ஹீட்டரு சார். குளிரூருக்கு செஞ்ச வண்டி இல்ல? டேஷ்போர்டுக்குப் பின்னால குட்டி ரேடியேட்டர் ஒண்ணு கீது. நீங்க சுவிச்சத் தொடாட்டியும் எஞ்சின் சுடுதண்ணி அதுக்குள்ள ஓடிக்கினேதான் இருக்கும். அது ஓட்டை.”

மறுபடி பம்பை அழுத்தினார்கள். டார்ச் வெளிச்சத்தில் மூன்று தலைகள் முட்டிக்கொண்டு காத்திருந்தன. கறுத்த ஹீட்டர் பெட்டியின் ஓரத்தில் ஒரு பச்சைமணி திரண்டது, தயங்கியது, விழுந்தது.

“வந்துச்சு!” என்று குழந்தை மாதிரி கத்தினவர் சுப்பராயன்தான்.

“என் பக்கம் கால் பிசுபிசுன்னு ஒட்டுதுங்க” என்று வசந்தி எத்தனையோ முறை சொன்னது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. ஏசி தண்ணி என்றார். “கண்ணாடியில உள்பக்கம் எண்ணெய் மாதிரி படியுதே” என்றாள். கடற்காற்று என்றார். ஊருக்கெல்லாம் ‘ஏன்’ கேட்கச் சொல்லிக்கொடுத்தவர், வீட்டில் கேட்கப்பட்டதற்கெல்லாம் பதில் கைவசம் வைத்திருந்தார்.

ஜான்சன் ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் கழற்றி, வெளியிலேயே ஒன்றோடொன்று வளைத்து இணைத்துவிட்டார். அவ்வளவுதான் வைத்தியம்.

“ஒரிஜினாலிட்டி போயிடுமே” என்று முனகினார் சுப்பராயன்.

“மெட்ராஸ்ல ஹீட்டர் இன்னாத்துக்கு சார்? கண்ணாடிய எறக்குனா ஹீட்டரு.”

ஹெட் கேஸ்கெட்டைப் பற்றி அதற்குப் பிறகு டாக்டர் மூச்சு விடவில்லை. ஷரீஃப் மட்டும் தலைவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். “குப்பியெல்லாம் ரொப்பியாச்சு. இது நமக்குள்ளயே இருக்கட்டும்.” சுப்பராயன் வெகு சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அடையாறு பாலத்து நெரிசலிலும் வெப்பமானி முள் நடுவில் அசையாமல் நின்றது. வசந்தி வழி முழுக்க அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள். திருவான்மியூரில் கதவைத் திறந்ததும் உறுப்பினர்கள் வழக்கம்போல் வரிசை கட்டினார்கள். முதல் தலை உள்ளே போய், முகம் சுளித்து வெளியே வந்தது.

“பழைய செருப்பு வாசனைன்னா வருது?”

“அசல் தோலே அதானே” என்றாள் வசந்தி.

ஷரீஃப் இருமிவிட்டுப் பையைத் திறந்தார். போன வாசனையை எண்ணி ஏங்கிய துணைத் தலைவர்கள் ஆளுக்கொரு குப்பி வாங்கி மணிக்கட்டில் தடவிக்கொண்டார்கள். அதற்குள் குலாம் ரசூல் என்ற உறுப்பினர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

“தலைவரே, கவலைய விடுங்க! ஒரு வாரமா என் வண்டில அந்த வாசனை வந்துடுச்சு. நம்ம தோலும் பக்குவமாயிடுச்சு!”

பாராட்டும் கைதட்டலும் எழுந்தன. வரிசை அந்த வண்டிக்கு இடம் மாறியது. ஷரீஃப் கண்ணாலேயே கெஞ்சினார். சுப்பராயன் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், உள்ளே உட்கார்ந்திருந்த குலாம் ரசூலின் மனைவி வஜீஹாவிடம் குனிந்தார்.

“ஏம்மா, கால் ஒட்டுதா?”

“உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணே? சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. ஏசி தண்ணின்றார்!”

சுப்பராயன் நிமிர்ந்து, கோட்டைக் கழற்றி வசந்தியிடம் கொடுத்தார். “குலாம் பாய், அந்தக் கம்பளத்தைக் கொஞ்சம் தூக்குங்க” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

திரும்பும் வழியில் வண்டியை விற்கும் பேச்சை வசந்தி எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, காய்ந்த கம்பளத்தின் மேல் காலை நீட்டி வைத்துக்கொண்டாள்.